பட்டறையோடு நின்றவை

உற்பத்திக்கு வராமற்போன எஞ்சின்களைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி ஒப்பாரிதான். ஒரு மேதை இருந்தார், அற்புதம் ஒன்றைச் செய்தார், கணக்காளர்கள் வந்து கழுத்தை நெரித்தார்கள் என்ற ஒரே கதை, பெயர்கள் மட்டும் மாறித் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தமிழில் இந்தக் கதைக்கு நிலையான நாயகர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1952 இல் இருவர் அமரும் பெற்றோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாவுக்குத் தரலாம் என்று செய்து காட்டினார். உற்பத்திக்கு அனுமதி கிடைக்கவில்லை. மறுப்பு அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காரின் எஞ்சின் எத்தனை ஆயிரம் மைல் தாங்கியது, ஏற்றத்தில் எப்படி இழுத்தது, எந்த எரிபொருளைக் கேட்டது என்று நம் புகழுரைகள் ஒருநாளும் விசாரித்ததில்லை. மறுத்தவரைக் கண்டித்த கையோடு மதிப்பீடும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நாயுடுவின் பெயருக்கு இது பெருமை சேர்க்காது. அவரே அளவுகருவியை நம்பிய மனிதர்.

எதிர்த்திசையில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. உச்சக் குதிரைவலுவைச் சொல்லி வாசகரை வாயடைக்கச் செய்வது. 550, 600 என்று ஓர் எண்ணை எறிந்துவிட்டால் போதும், எஞ்சின் காவியமாகிவிடும். உச்ச வலு என்பது சுற்றுவேகத்தின் ஒரேயொரு புள்ளியில், எரிபொருளும் காற்றும் குளிர்ச்சியும் வடிவமைத்தவரின் விருப்பப்படி அமைந்த நேரத்தில் எடுத்த அளவு. அந்தப் புள்ளிக்கு இடப்புறமும் வலப்புறமும் என்ன நடந்தது என்று கேட்கும்போதுதான் திறனாய்வு தொடங்குகிறது.

சோதனை எஞ்சின் ஒவ்வொன்றும் ஒரு கூற்று. "இப்படியும் வலு எடுக்கலாம்" என்று அது வாதிடுகிறது. கூற்று எது, அதை நிறுவத் தேர்ந்துகொண்ட முறை அதற்குப் பொருந்துமா என்பவை யாரும் கேட்கக்கூடிய கேள்விகள். நான் கூடுதல் எடை கொடுப்பது, அந்தக் கூற்று எவ்வளவு அகலத்துக்குச் செல்லுபடியாகிறது என்பதற்கு. சும்மா நின்று இயங்குவதிலிருந்து முழுச் சுமை வரை, நல்ல எரிபொருளிலிருந்து கெட்ட எரிபொருள் வரை, ஆக்கியவரின் கையிலிருந்து அந்நியரின் கை வரை அது தாங்குகிறதா? சுருவிலில் இருந்து எழுதுகிறவன் இதைக் கேட்பதற்கு நியாயம் உண்டு. இங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற கார் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தில் இரு பக்கமும் உப்புக்காற்றை விழுங்கிக்கொண்டே ஓடுகிறது. முழு வேகத்தை அது ஒருநாளும் கண்டதில்லை. பாதிச் சுமையிலும் அதற்குக் கீழேயுமே அதன் வாழ்நாள் கழிகிறது. உலகத்துக் கார்களில் பெரும்பாலானவற்றின் வாழ்வும் இதுவே.

இந்த அளவுகோலில் சில புகழ்பெற்ற பெயர்கள் அதிக நேரம் நிற்பதில்லை. பிரித்தானியாவின் பி.ஆர்.எம். வி16 அவற்றில் ஒன்று. ஒன்றரை லீற்றர் கொள்ளளவைப் பதினாறு சிலிண்டர்களுக்குப் பங்கிட்டு, றோல்ஸ் ரொய்ஸின் மையவிலக்கு சுப்பர்சார்ஜரைப் பூட்டி, நிமிடத்துக்கு 12,000 சுற்றை எட்டிய எஞ்சின். வேலைப்பாட்டின் நுட்பத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. கோளாறு முறையில் இருந்தது. மையவிலக்கு சுப்பர்சார்ஜர் தரும் அமுக்கம் சுற்றுவேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆகவே கீழே வலு இல்லை. மேலே போகப்போக அடங்காத வலு. உயரத்தில் ஒரே வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஏற்ற முறையை, வளைவுக்கு வளைவு வேகம் மாறுகிற பந்தயக் காருக்குக் கொண்டுவந்தார்கள். 1950 ஓகஸ்டில் சில்வர்ஸ்டோனில் முதற் பந்தயத்தின் தொடக்கக் கோட்டிலேயே கார் நின்றுபோனது. அன்று உடைந்தது எஞ்சின் அல்ல, வலுவைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகம். அந்த எஞ்சினோடு பழகியவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

பி.எம்.டபிள்யூ. 1987 இல் செய்த பதினாறு சிலிண்டர் எஞ்சின் இதைவிடவும் விரைவாகக் கடந்துபோகத்தக்கது. தன் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு நான்கைச் சேர்த்து 6.7 லீற்றரும் 408 குதிரைவலுவும் எடுத்தார்கள். முன்புறம் முழுவதையும் எஞ்சினே பிடித்துக்கொண்டதால் றேடியேற்றர் பின்புறப் பெட்டிக்குள் போனது. நேர்த்தியான வேலை; ஆனால் அதில் வாதம் எதுவும் இல்லை. நீளத்தைக் கூட்டினால் வலுவும் கூடும் என்பது யாருக்கும் தெரிந்தது. அதை நிறுத்தியதில் எவருக்கும் இழப்பில்லை.

கிறைஸ்லரின் டர்பைன் கார் வேறு தரம். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹியூப்னரின் தலைமையில் அந்த ஆய்வு 1950களிலேயே வீதிக்கு வந்துவிட்டது; 1956 இல் ஒரு பிளிமத் கார் நியூயோர்க்கில் இருந்து லொஸ் ஏஞ்சலஸ் வரை டர்பைனில் ஓடியது. நான்காம் தலைமுறை எஞ்சினோடு, துரினின் கியா பட்டறையில் உடல் கட்டிய ஐம்பது கார்களைப் பொதுமக்களுக்கென்றே செய்தார்கள். 1963 ஒக்டோபரில் இருந்து 1966 ஜனவரி வரை 203 சாதாரணக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று மாதம் வீதம் அவற்றைக் கொடுத்தார்கள். மொத்த ஓட்டம் பத்து இலட்சம் மைலைத் தாண்டியது.

வாகன வரலாற்றில் இதைவிட நேர்மையான சோதனை ஒன்றை நான் அறியேன். மற்ற நிறுவனங்கள் சோதனை எஞ்சினைத் தம் ஓட்டுநரிடம், தம் பாதையில், தம் பத்திரிகையாளர் முன் நிறுத்தின. கிறைஸ்லர் அதை அந்நியரின் கையில் கொடுத்தது. கடைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் குளிர்காலக் காலையில் அவசரத்தில் திறப்பைத் திருகவும் விட்டது. கூற்றின் அகலத்தை அளக்க இதுதான் முறை.

எஞ்சினின் உள்ளமைப்பிலும் தெளிவு இருந்தது. வாயுவை உண்டாக்கும் சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 44,500 சுற்று வரை போகும். அதோடு பொருத்தில்லாத இன்னொரு சுழலி சக்கரங்களுக்கு வலுவைக் கொடுக்கும். இரண்டும் பிரிந்திருப்பதால் கார் நின்ற நிலையிலேயே உச்ச முறுக்குவிசை கிடைத்தது. வலு 130 குதிரைதான். ஆனால் நிலையில் கிடைத்த இழுவை பெரிய வி8 எஞ்சின்களோடு தோள்கொடுத்து நிற்கக்கூடியது. ஒரேயொரு பிளக். றேடியேற்றர் இல்லை. அசையும் பாகங்கள், கிறைஸ்லரின் கணக்கில், பிஸ்டன் எஞ்சினில் உள்ளவற்றின் ஐந்திலொன்று.

நமக்குக் கூடுதலாக உறைப்பது அதன் எரிபொருள். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எதிலும் அது ஓடியது. மெக்சிக்கோவின் ஜனாதிபதி அடொல்ஃபோ லோப்பெஸ் மத்தேயோஸ் தெக்கீலா மதுவை ஊற்றி ஓட்டிப் பார்த்ததும் பதிவில் இருக்கிறது. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஒரு சமூகம் இதை வாசிக்கும்போது உள்ளம் சற்றுத் துள்ளும். துள்ளலை நிறுத்திவைத்துக் குறைகளையும் அதே வரிசையில் எண்ணவேண்டும்.

எதையும் எரிக்கும் என்ற கூற்றில் முதல் ஓட்டை அன்றைய பெற்றோலே. ஈயம் கலந்த பெற்றோல் சுழலியின் தகடுகளில் படிவை விட்டது. ஒவ்வொரு எரிபொருள் நிலையத்திலும் கிடைக்கும் அந்த ஒன்றுதான் இந்த எஞ்சினுக்கு ஆகாதது. இரண்டாவது குறை அதைவிட ஆழமானது. டர்பைன் முழுச் சுமையில் சிக்கனமானது, பாதிச் சுமையில் ஊதாரி. சும்மா நிற்கும்போதும் சுழலி 18,000 சுற்றுக்குக் குறையாது. அத்தனை காற்றையும் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். கழிவு வெப்பத்தைத் திருப்பிப் பிடிக்கச் சுழலும் வெப்பமீட்டிகள் இரண்டைப் பூட்டியது சரியான சிந்தனை. அதன் பலனை இங்கிலாந்தின் ரோவரும் பி.ஆர்.எம்.மும் சேர்ந்து செய்த டர்பைன் கார் லு மான் பந்தயத்தில் காட்டியது. 1963 இல் வெப்பமீட்டி இல்லாமல் ஓடியபோது குடித்த எரிபொருளுக்கு, 1965 இல் பீங்கான் வெப்பமீட்டியோடு ஏறத்தாழ இருமடங்கு தூரம் போனது. ஆனால் பந்தயக் கார் பெரும்பாலும் முழுச் சுமையிலேயே ஓடுவது. நகரத்துக் காருக்கு அந்த மீட்பு போதவில்லை. மிதியை அழுத்தியபின் சுழலி வேகமெடுக்க ஒரு செக்கனுக்கும் மேலான தயக்கம் இருந்ததைப் பாவனையாளர்கள் கவனித்தார்கள். உயர்ந்த வெப்பத்தில் உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் 1970 இன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்குப்பின் பெரிய தடையாயின.

உப்புக்காற்றில் இருந்து எழுதுகிறவன் சேர்க்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. கடலுப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, சிவக்கச் சூடான தகடுகளில் படிந்து உலோகத்தை அரிக்கும். கடற்படைக் கப்பல்களின் டர்பைன்களை நெடுங்காலம் வதைத்த நோய் இது. கப்பலில் காற்றுக்குப் பெரிய வடிகட்டி வைக்கலாம், குறித்த நேரத்தில் சுழலியைக் கழுவலாம். பண்ணைப் பாலத்தில் தினம் இருமுறை போய்வருகிற காருக்கு அந்தப் பராமரிப்பை யார் செய்வது? மண்ணெண்ணெய் குடிக்கும் டர்பைன் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். தோற்றம் தாங்காது.

ஆகவே கிறைஸ்லர் அதை உற்பத்திக்கு விடாதது சரி. கூற்று நேர்மையாக வைக்கப்பட்டது, நேர்மையாகச் சோதிக்கப்பட்டது, சோதனையில் தோற்றது. தோல்வியை அறியவென்றே பத்து இலட்சம் மைல் ஓட்டிப் பார்த்த நிறுவனத்தைக் கோழை என்பது பொருந்தாது. நான் கண்டிப்பது பின்னர் நடந்ததை. பொதுமக்களுக்கான ஐம்பதையும் சேர்த்து, செய்த மொத்தம் ஐம்பத்தைந்து கார்களில் நாற்பத்தாறு நொறுக்கப்பட்டன. இத்தாலியிலிருந்து வந்த உடல்களுக்கான சுங்கவரி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சாட்சிகளை அழித்துவிட்டால் பின்வருபவர்களின் மீளாய்வு கடினமாகும். அது வரியைவிடப் பெரிய விலை.

மெர்சிடிஸ் பென்ஸின் சி 111 இன்னொரு வகைச் சிக்கல். 1969 இல் பிராங்பேர்ட்டில் மூன்று சுழலிகள் கொண்ட வாங்கல் எஞ்சினோடு, 280 குதிரைவலுவில் வந்தது. மறுவருடம் ஜெனீவாவில் நான்கு சுழலி, 350 குதிரைவலு, மணிக்கு 300 கிலோமீற்றரைத் தொடும் வேகம். தொகை எழுதாத காசோலைகளை அனுப்பிக் காரைக் கேட்டார்கள். பிஸ்டனின் முன்பின் அசைவே இல்லாமல், முக்கோணச் சுழலி ஒன்று தன் கூட்டுக்குள் வழுக்கிச் சுழன்று வலுவைத் தரும் ஏற்பாட்டில் ஒரு கணித அழகு இருக்கிறது. சிறிய உருவம், குறைந்த எடை, அதிர்வின்மை என்று அது கேட்ட இடத்தில் எல்லாம் கொடுத்தது. பி.ஆர்.எம். போல உச்சத்தில் மட்டும் கொடுத்துக் கீழே ஏமாற்றவும் இல்லை.

குறை வடிவத்துக்குள்ளேயே இருந்தது. வாங்கலின் தகன அறை நீண்டு தட்டையாகி, எரியும்போதே இடம்பெயர்வது. பரப்பு கூட, கனவளவு குறைவு. சுவாலை சுவரைத் தொட்டுக் குளிர்ந்து அணைய, எரியாத எரிபொருள் வெளியே போகும். முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் பிஸ்டன் வளையம் போல ஒரே கோணத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சாய்வு மாறிக்கொண்டே சுவரை உரசும். மெர்சிடிஸின் எரிபொருள் உட்செலுத்தல் இந்தக் குறையை நயமாகக் குறைத்தது, நீக்கவில்லை. இதை 1973 எண்ணெய் நெருக்கடியின் பலி என்று எழுதுகிறவர்கள் வருடங்களைச் சரிபார்க்கவேண்டும். சி 111 இல் வாங்கலை நிறுத்தும் முடிவு 1971 அளவிலேயே வந்துவிட்டது. பீதியில் எடுத்த முடிவல்ல, அளந்து எடுத்த முடிவு.

ஜப்பானில் மஸ்தா விட்டுக்கொடுக்காமல் தொடர்ந்தது. 1991 லு மான் பந்தயத்தை நான்கு சுழலி எஞ்சின் கொண்ட 787பி வென்றது. அந்த வெற்றியை வாங்கலுக்குக் கிடைத்த விடுதலைத் தீர்ப்பாகக் காட்டுவோர் ஒன்றை மறைக்கிறார்கள். மஸ்தா அந்த நான்கு சுழலி எஞ்சினை வீதிக் காருக்குத் தரவே இல்லை. வென்றது முழுச் சுமையில். மெர்சிடிஸ் ஐயப்பட்டது முழுச் சுமையைப் பற்றி அல்ல. இதே சி 111 உடலில் 1976 இல் ஐந்து சிலிண்டர் டர்போ டீசலைப் பூட்டி இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் சாதனைகளை எடுத்தார்கள். அந்த டீசலின் அடக்கமான உடன்பிறப்பு 1978 இல் 300 எஸ்.டி. காரில் விற்பனைக்கும் வந்தது. சி 111 எஞ்சினாகத் தோற்றது, ஆய்வுமேடையாக வென்றது. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணுக்குள் அடைக்கக்கூடாது.

இனி நம்முடையது. 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பொதுமக்களுக்குப் பெற்றோல் இல்லாமற் போனது. மண்ணெண்ணெய் பங்கீட்டிலும் கொள்ளை விலையிலும் கிடைத்தது. குடாநாட்டின் கராஜ்கள் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டின. இதை உயர்வலு எஞ்சின்களின் வரிசையில் வைப்பது பொருத்தமா என்று கேட்கலாம். தொழிற்சாலைக்குப் போகாத பரிசோதனை என்ற வகையில் பொருந்தும். தவிரவும், மேலே சொன்ன அளவுகோலின் மறுமுனையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

செய்முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படி. சிறு போத்தல் ஒன்றில் பெற்றோல், அதிலிருந்து ஒரு குழாய் காபரேற்றருக்கு. அந்தச் சொற்பப் பெற்றோலில் எஞ்சினை எடுத்து, உள்ளிழுக்கும் குழாய்த்தொகுதி கைபொறுக்காத சூட்டுக்கு வரும்வரை விட்டுவைப்பார்கள். பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே போகும். வெள்ளைப் புகையோடு எஞ்சின் திணறும். நிறுத்தப் போகும் முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் காபரேற்றர்க் கிண்ணத்தில் தங்கிய மண்ணெண்ணெய் அடுத்த முறை எடுக்க விடாது. சில நாள் ஓட்டியபின் ஓயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மட்டம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஓயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓயிலை நம்பித் தொடர்ந்து ஓட்டினால் பெயரிங் போகும்.

கொள்கையளவில் இது புதிது அல்ல. பெற்றோலில் தொடங்கிச் சூடானபின் கனமான எண்ணெய்க்கு மாறும் உழவு இயந்திரங்களை ஃபேர்கூசன் நிறுவனம் 1940களின் இறுதியிலேயே தொழிற்சாலையில் செய்து விற்றது. அவற்றுக்கு அமுக்க விகிதத்தைக் குறைத்து, குழாய்த்தொகுதியைச் சூடாக வைத்திருக்கும் அமைப்பும் கொடுத்திருந்தது. நம் மெக்கானிக்குகள் அதே முடிவுக்கு, தொழிற்சாலையும் உதிரிப்பாகமும் இல்லாமல் வந்து சேர்ந்தார்கள். சாதனை கண்டுபிடிப்பில் இல்லை, அந்த நிலைமையில் செய்து முடித்ததில் இருக்கிறது. அப்படிச் சொல்வதால் அது சிறுத்துவிடாது.

இது ஏன் சாத்தியமாயிற்று என்பதில்தான் பொறியியல் இருக்கிறது. ஒஸ்ரின் ஏ40 இன் அமுக்க விகிதம் ஏழை ஒட்டியது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மதிப்பு பெற்றோலைவிட மிகக் கீழே. அமுக்கம் கூடினால் சுவாலை வந்து சேரும் முன்பே அது தானாக வெடிக்கும். "எஞ்சின் தட்டுது" என்று கராஜில் சொல்வது அதைத்தான். ஒன்பதுக்கு மேல் அமுக்க விகிதம் கொண்ட பின்னாளைய ஜப்பானியக் கார்கள் மண்ணெண்ணெயை ஏற்காமல் நின்றபோது, ஒஸ்ரின் ஓடியது. நல்ல பெற்றோலில் அந்தக் காரைச் சோம்பேறியாக்கிய அதே குறைந்த அமுக்கம், கெட்ட எரிபொருளில் அதைக் காப்பாற்றியது.

இந்தச் சாதனையின் பெரும்பகுதி இன்னும் வாய்மொழியாகவே நிற்கிறது. எத்தனை மைலுக்கு வால்வு எரிந்தது, பெற்றோலோடு ஒப்பிட்டால் வலு எவ்வளவு குறைந்தது, ஓயிலில் எத்தனை வீதம் மண்ணெண்ணெய் கலந்தது என்ற கணக்கு வேண்டும். ஒஸ்ரின் எஞ்சின்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியோ, கிளிநொச்சி அறிவியல்நகரின் பொறியியற் பீடமோ ஒன்றை அளவுமேடையில் ஏற்றி, மண்ணெண்ணெயில் ஓட்டி, எண்களை அச்சிடவேண்டும். நாயுடுவுக்குச் செய்த பிழையை நம் மெக்கானிக்குகளுக்கும் செய்யவேண்டாம்.

ஒஸ்ரினின் கதை ஒரு கேள்வியைப் பிறப்பிக்கிறது. அமுக்க விகிதம் ஏன் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்ட ஒரே எண்ணாக இருக்கவேண்டும்? குறைந்த சுமையில் கூடிய அமுக்கம் சிக்கனம் தரும். கூடிய சுமையில் அதே அமுக்கம் எஞ்சினைத் தட்டவைக்கும். ஓடும்போதே அதை மாற்ற முடிந்தால்? இந்தச் சிந்தனைக்கு ஒரு நூற்றாண்டு வயது. ஆங்கிலப் பொறியியலாளர் ஹரி ரிக்கார்டோ 1919 அளவில் எரிபொருட்களைச் சோதிக்க அமுக்கம் மாற்றக்கூடிய எஞ்சினைக் கட்டினார். இன்றும் பெற்றோலின் ஒக்ரேன் மதிப்பு அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆய்வுகூட எஞ்சினில்தான் அளக்கப்படுகிறது. 92, 95 என்று நம் நிரப்பு நிலையங்களில் எழுதியிருக்கும் எண்கள் அந்த வழி வந்தவை. ஆய்வுகூடத்தில் கைபிடியைச் சுற்றி மாற்றியதை வீதியில், ஓட்டுநர் அறியாமல், நொடிக்கு நொடி மாற்றுவதுதான் மிச்சமிருந்த வேலை.

அதைச் செய்தவர்கள் சுவீடனின் சாப் நிறுவனத்தார். 2000 ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் அவர்கள் வைத்த எஸ்.வி.சி. எஞ்சின் ஐந்து சிலிண்டர், 1.6 லீற்றர், 225 குதிரைவலு, 305 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அமுக்க விகிதம் 8 இலிருந்து 14 வரை. சிலிண்டர்களையும் ஹெட்டையும் ஒரே துண்டாக வார்த்து, அதைக் கீழுள்ள கிராங் பெட்டியின் மேல் கீல் போட்டு, நான்கு பாகை வரை சாய்த்தார்கள். சாய்ந்தால் தகன அறை பெருகும், நிமிர்ந்தால் சுருங்கும். மெதுவாகப் போகும்போது 14. மிதியை அழுத்தினால் 8 க்கு இறங்கி, சுப்பர்சார்ஜர் 2.8 பார் அமுக்கத்தில் காற்றை ஏற்றும். அதே வலுவுள்ள வழமையான எஞ்சினைவிட எரிபொருள் முப்பது வீதம் குறையும் என்பது சாபின் கூற்று.

இதில் என்னை வசப்படுத்துவது முப்பது வீதமல்ல, கூற்றுக்கும் முறைக்கும் இடையிலுள்ள பொருத்தம். எஞ்சினின் பெரும்பாலான வாழ்வு பாதிச் சுமையில் கழிகிறது என்ற உண்மையில் இருந்து வடிவமைப்பு தொடங்குகிறது. பி.ஆர்.எம். உச்சத்தில் இருந்து தொடங்கிக் கீழே இறங்கத் திணறியது. சாப் கீழே இருந்து தொடங்கி, உச்சத்தைத் தேவைப்படும்போது எடுத்துக்கொண்டது. பிஸ்டன், கொன்றொட், கிராங் எல்லாம் பழைய, நம்பகமான ஏற்பாட்டிலேயே இருந்தன. புதுமையை மிகவும் அடிபடும் இடத்தில் வைக்காமல், மெதுவாக அசையும் ஒரு கீலில் வைத்தார்கள். எஞ்சின் தட்டுகிறதா என்பதைப் பிளக்கில் பாயும் அயன் மின்னோட்டத்தைக் கொண்டே உணரும் கட்டுப்பாட்டு முறையைச் சாப் 1990களிலேயே தன் கார்களில் விற்றுக்கொண்டிருந்தது. அமுக்கத்தை எப்போது மாற்றவேண்டும் என்று சொல்லும் காது ஏற்கனவே அவர்களிடம் இருந்தது.

குறைகளும் உண்டு. ஹெட் முழுவதும் சாய்வதால் புகைக்குழாயும் கம்சங்கிலியும் அதோடு அசையவேண்டும். சாயும் பகுதிக்கும் கிராங் பெட்டிக்கும் இடையில் றப்பர் உறை ஒன்றுதான் எண்ணெயை அடைத்து நிற்கிறது. பத்து வருட வெப்பத்தில் அது என்னவாகும் என்பதற்கு நிரூபணம் வைக்கப்படவில்லை. சுப்பர்சார்ஜரும் அதற்கான இணைப்பும் விலையைக் கூட்டின. அந்நியரின் கையில் பத்து இலட்சம் மைல் என்ற கிறைஸ்லரின் பரீட்சையைச் சாப் எழுதவே இல்லை. நம் தேவைக்கு அளந்தால், 8 என்ற கீழெல்லை மண்ணெண்ணெய்க்குப் போதாது. ஆனால் தரம் குறைந்த பெற்றோல் வந்த நாளில், தட்டி உடையாமல் வலுவை விட்டுக்கொடுத்து ஓடும் வழியை இது ஒன்றே திறந்துவைத்தது. கிறைஸ்லர் எரிபொருளைப் பொருட்படுத்தாத எஞ்சினைத் தேடியது. சாப் எரிபொருளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் எஞ்சினைச் செய்தது. இரண்டாவதே பொறியியலில் முதிர்ந்த விடை.

ஜெனரல் மோட்டர்ஸ் 2000 இல் சாபை முழுதாகத் தன் கைக்குள் எடுத்தது. எஸ்.வி.சி. விலை கூடியது என்று நிறுத்தப்பட்டது. சாப் 2011 டிசெம்பரில் வங்குரோத்தானது. இதுவரை வந்த விவரங்களோடு நிறுத்தினால் நானும் ஒப்பாரிக்காரரின் வரிசையில் சேர்வேன். கூற்று சரியா என்பதைத் தீர்மானிக்கத் தனிச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நிசான்.

நிசான் தன் அமுக்கம் மாறும் டர்போ எஞ்சினை 2018 இல் இன்ஃபினிற்றி கியூ.எக்ஸ்.50 காரில் விற்பனைக்கு விட்டது. அதன் அமுக்க விகிதமும் 8 இலிருந்து 14 வரை, சாப் பதினெட்டு வருடத்துக்கு முன் குறித்த அதே இரு எல்லைகள். ஆனால் நிசான் ஹெட்டை அசைக்கவில்லை. கொன்றொட்டுக்கும் கிராங்குக்கும் இடையில் நெம்புத் தொகுதி ஒன்றைச் செருகி, பிஸ்டனின் மேலெல்லையையே மாற்றியது. ஹெட் நிலையாக நிற்பதால் புகைக்குழாய்ச் சிக்கல் இல்லை, அதிர்வும் குறைந்தது. அது நல்ல பலன். விலையாக, எஞ்சினில் மிகவும் அடிபடும் இடத்தில் புதிய பெயரிங்குகள் வந்தன. அமெரிக்காவில் அந்த எஞ்சின்களின் பெயரிங் பழுது பற்றி 2023 இல் அரச விசாரணை தொடங்கியது. 2025 இல் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை நிசான் திரும்ப அழைத்தது.

இந்தச் சாட்சியம் இரண்டு பக்கமும் பேசுகிறது. அமுக்கம் மாறும் எஞ்சினை இலட்சக்கணக்கில் செய்து விற்கமுடியும் என்பது உறுதியாயிற்று. "நடைமுறைக்கு ஒவ்வாத கனவு" என்ற குற்றச்சாட்டு விழுந்தது. விலை தாளாது என்ற ஜெனரல் மோட்டர்ஸின் காரணம் முற்றாகப் பொய்யாகவில்லை. வேறொரு நிறுவனத்துக்கு இத்தனை வருடமும், பிறகு திருப்பியழைப்பும் தேவைப்பட்டன. அதே வேளை, பழுது வந்த இடம் சாப் கைவைக்காமல் விட்ட இடம். றப்பர் உறையின் ஆயுள் நிரூபிக்கப்படவில்லை என்பதை மறக்காமலே சொல்கிறேன்: தேய்ந்தால் மாற்றக்கூடிய உறையில் ஆபத்தை வைத்தது, பழுதானால் எஞ்சினையே இழக்கவைக்கும் பெயரிங்கில் ஆபத்தை வைத்ததைவிடச் சரியான தெரிவு.

பி.ஆர்.எம்., பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், கிறைஸ்லர் ஆகியவற்றின் எஞ்சின்கள் மறுக்கப்பட்டதில் நான் குறை காணவில்லை. சாபின் எஸ்.வி.சி.யை 2000 இல் விற்பனைக்கு அனுப்பாதது சரி, அது அதற்குத் தயாராக இருக்கவில்லை. ஐம்பது கார்களில் பூட்டி அந்நியரிடம் கொடுத்துப் பார்க்காமலே ஆய்வை மூடியது பிழை.